15 வயதாகப் போகும் ஸ்விஃப்ட் டீசல்: 1,14,000 ரூபாய் செலவு செய்து வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா?

நொய்யல்கரை (கோவை)

வணக்கம். வண்டி மாருதி ஸ்விஃப்ட் விடிஐ, முதல் தலைமுறை மாடல், 2011 ஜூன் பதிவு, 1.3 டிடிஐஎஸ் இன்ஜின். ஓட்டம் 1,68,000 கி.மீ. ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது) இரண்டும் கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 9,000 கி.மீ. ஓடும். பெரும்பாலும் ஊருக்குள், மாதம் ஒருமுறை பழனி. ஆர்.சி. (பதிவுச் சான்று) வரும் ஜூனில் முடிகிறது.

குறைகள்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் 4, 5 நொடி இன்ஜின் பக்கம் சலசலப்பு. மேட்டில் ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. முன்பக்கம் பள்ளத்தில் இறங்கினால் கடகட சத்தம். ஏசியில் கேஸ் நிரப்பினால் ஒன்றரை மாதம்தான் நிற்கிறது. பிக்கப் குறைவு, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கறுப்புப் புகை.

பட்டறையில் கொடுத்த எஸ்டிமேட், லேபரோடு சேர்த்து:
கிளட்ச் செட் 12,500
டைமிங் செயின் கிட் 16,000
முன் ஷாக், மவுண்ட், லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் 17,500
ஏசி கம்ப்ரஸர், கண்டென்ஸர், கேஸ் 28,000
டர்போ 22,000
டயர் நான்கு 18,000
மொத்தம் 1,14,000.

இருக்கிற நிலையிலேயே கொடுத்தால் 1,40,000 வரை கேட்கிறார்கள். விலைக்கு நெருங்கிய தொகையைப் பழுதுக்குப் போடுவது சரியா? புது ஸ்விஃப்ட் பெட்ரோல் ஆன்ரோடு ஏழரை லட்சம் என்று வைத்துக்கொண்டு யோசிக்கிறோம்.

---

ஸ்பேனர்செட் (திருப்பூர்)

எஸ்டிமேட்டைப் பார்த்தா வண்டியைப் பிரிச்சுப் பார்த்து எழுதின மாதிரி தெரியலைங்க. குறையைக் கேட்டுட்டு எழுதியிருக்காங்க. ஆறு வரியில நாலு வரி சரியா இருக்கலாம். டர்போவும் ஏசி கம்ப்ரஸரும் சோதனை பண்ணாம ஒத்துக்காதீங்க. அந்த ரெண்டு மட்டுமே 50,000 ரூபாய்.

டர்போல இருந்து ஆரம்பிக்கிறேன். கறுப்புப் புகைன்னா காத்து பத்தலை, டீசல் அதிகம்னு அர்த்தம். டர்போ சீல் போனா நீலப் புகை வரும், இன்ஜின் ஆயில் குறையும். உங்களுக்கு ஆயில் குறையுதுன்னு நீங்க எழுதலை. இந்த 75 பி.எஸ். இன்ஜின்ல இருக்கறது சாதாரண டர்போ, உள்ளே அசையற இதழ் எதுவும் கிடையாது, அதனால அது சிக்கிக்கிற தொந்தரவும் இல்லை. முதல்ல, டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸைப் பாருங்க. இன்ஜின் ஆட்டத்துல அந்த ரப்பர் மடிப்புக்குள்ள வெடிக்கும், மேலே பார்த்தா தெரியாது. ஒருத்தர் 3,000 ஆர்.பி.எம். புடிச்சு நிக்கட்டும், இன்னொருத்தர் ஹோஸ் ஓரமா காது வெச்சா "ஸ்ஸ்"னு சத்தம் கேக்கும். வெடிச்ச இடத்துல ஆயில் பிசுக்கு ஒட்டியிருக்கும். அடுத்தது ஏர் ஃபில்டர், அப்புறம் ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு விடறது) கரி அடைச்சு திறந்தபடியே நின்னுடுச்சான்னு பாருங்க. இது மூணும் சரின்னா மட்டும் டர்போ வாய் ஹோஸைக் கழட்டி ஷாஃப்டை விரல்ல ஆட்டிப் பார்க்கணும். பக்கவாட்டுல லேசா ஆடினா பரவாயில்லை. முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு சுவத்துல உரசின தடம் இருந்தாலோதான் டர்போ போச்சுன்னு சொல்லணும்.

ஏசி: ஒன்றரை மாசம் குளிர் நல்லா வருதுன்னா கம்ப்ரஸர் வேலை செய்யுதுங்க. லீக்கைத்தான் கண்டுபிடிக்கணும். கேஜ் மாட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் அழுத்தம் குறைவுன்னா கேஸ் இல்லை. லோ பக்கம் ஏறியும் ஹை பக்கம் இறங்கியும் இருந்தாத்தான் கம்ப்ரஸர் இழுக்கலைன்னு அர்த்தம். நைட்ரஜன் ஏத்தி அரைமணி நேரம் விட்டு, ஜாயின்ட், கண்டென்ஸர், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி அடிக்கச் சொல்லுங்க. எங்கேயும் நுரை வரலை, ஆனா முள் இறங்குதுன்னா டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்தான். கேஸ் இருக்கும்போது தண்ணி சொட்டற குழாய் வாயில லீக் டிடெக்டர் வெச்சாலும் பீப் அடிக்கும்.

டைமிங் செயின் மட்டும் கண்டிப்பா மாத்துங்க. அதைத் தனியா எழுதறேன்.

---

ஸ்பேனர்செட் (திருப்பூர்)

இந்த 1,248 சிசி இன்ஜின் ஃபியட் மல்டிஜெட். பெல்ட் கிடையாது, செயின். செயினை இறுக்கிப் புடிக்கிற டென்ஷனர் இன்ஜின் ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது. ஆயில் சுமார் 3 லிட்டர்தான் புடிக்கும், அதுல முக்கால் லிட்டர் குறைஞ்சாலே காலையில டென்ஷனருக்கு அழுத்தம் போய்ச் சேர நேரமாகும். அந்த நேரத்துல தொங்கற செயின் கைடுல அடிக்கிற சத்தம்தான் நீங்க கேக்கறது. ஒண்ணு ரெண்டு நொடின்னா பொறுக்கலாம். 4, 5 நொடின்னா செயின் நீண்டிருக்கு, கைடு தேய்ஞ்சிருக்கு. ஈ.ஜி.ஆர். வழியா வர்ற கரி ஆயில்ல கலந்து செயின் பின்னைத் தேய்க்கும். ஆயிலை 15,000 வரைக்கும் இழுத்து ஓட்டின வண்டியில இது சீக்கிரம் வரும்.

பல் தாண்டிடுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் ஹெட் இறக்கணும், 16,000ல நிக்காது.

வேலையை ஒப்படைக்கும்போது மூணு விஷயம் கேளுங்க. கேம், கிராங்க் ரெண்டையும் பூட்டற லாக்கிங் டூல் இருக்கா? மார்க்கர் பேனாவுல குறி போட்டுக் கழட்டறவங்ககிட்ட கொடுக்காதீங்க. ரெண்டாவது, கிட்ல செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்து வருதா? செயினை மட்டும் மாத்தினா பழைய பல்லு புதுச் செயினைத் தின்னுடும். மூணாவது, சம்ப் (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) எப்படியும் இறக்குவாங்க, அப்பவே ஆயில் ஸ்ட்ரெய்னரைக் கழுவச் சொல்லுங்க. அது கரி அடைச்சு இருந்தா புது டென்ஷனருக்கும் அதே கதிதான்.

இன்ஜின் உசிரோட இருக்கான்னு தெரியாம இதுக்கெல்லாம் காசு போடக் கூடாதுங்க. அதனால செலவு பண்றதுக்கு முன்னாடி மூணு சோதனை. வண்டி சூடான பிறகு ஐட்லிங்ல ஆயில் மூடியைக் கழட்டித் தலைகீழா வாய் மேல வைங்க. லேசா நடுங்கினா சரி. எகிறி விழுந்தா ரிங்ஸ் தேய்ஞ்சு புகை கீழே இறங்குது. க்ளோ பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஷன் எடுங்க, நாலு சிலிண்டருக்குள்ள 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. கடைசியா, இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாய் நாலையும் நாலு சின்ன பாட்டில்ல விட்டு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. ஒண்ணு மட்டும் மத்ததைவிட ரெண்டு மடங்கு நிரம்பினா அந்த இன்ஜெக்டர் தேய்மானம். இந்த மூணுக்கும் சேர்த்து அரை நாள் போதும்.

---

உப்புக்காத்து (தூத்துக்குடி)

ஸ்பேனர்செட் அண்ணன் சொன்னதுக்கு முன்னால ஒரு சோதனை இருக்கு. துரு. இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் கழற்றி மாட்டலாம். பாடி ஓட்டை விழுந்தால் அதோடு முடிந்தது. இந்த ஸ்விஃப்ட்டுக்குத் தனிச் சேஸ் கிடையாது, பாடியேதான் சேஸ். எங்கள் ஊர் மாதிரி கடலோரத்தில் நல்ல இன்ஜினோடு காயலான் கடைக்குப் போகிற வண்டிகள்தான் அதிகம்.

லிஃப்டில் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீர் என்று கேட்கும், அரித்த தகடு மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கிற ஓரம், முன் ஷாக் மவுண்ட் உட்காரும் கோபுரம், லோயர் ஆர்ம் போல்ட் பிடிக்கும் இடம், பேட்டரி தட்டுக்கு அடியில், பின் ஆக்சில் பிடிக்கும் முனை, ஸ்டெப்னி குழி. உள்ளே கார்பெட்டைத் தூக்கி ஓட்டுநர் காலடியைப் பாருங்கள். ஏசி தண்ணீர்க் குழாய் கழன்று உள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தால் அங்கே தரை அரித்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது.

ஷாக் கோபுரத்திலோ, லோயர் ஆர்ம் பிடிமானத்திலோ, பின் ஆக்சில் முனையிலோ ஓட்டை என்றால் கணக்குப் போடவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள். மோதும்போது உயிரைக் காப்பது அந்தத் தகடுதான். கதவு அடி, வீல் ஆர்ச், ஸ்டெப்னி குழி மட்டும் என்றால் வெட்டி ஒட்டலாம்.

---

வரவுசெலவு

விலை 1,40,000, பழுது 1,14,000, ஆகவே கூடாது என்ற ஒப்பீட்டைத்தான் முதலில் கைவிட வேண்டும். உங்கள் பணப்பையைப் பொறுத்தவரை வண்டியின் சந்தை விலை பெரிய விஷயமில்லை. அடுத்த 5 வருஷத்துக்கு ஒரு கார் உங்களுக்கு வேண்டும். எந்த வழியில் போனால் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வைத்துக்கொண்டால்: இன்று கிடைக்கும் 1,40,000 போகிறது, 5 வருஷம் கழித்து 40,000 கிடைக்கும் என்று வையுங்கள், ஆக 1,00,000. எஸ்டிமேட்டை அப்படியே ஏற்றால் 1,14,000. வருடாந்திர சர்வீஸ் 10,000 வீதம் 50,000. எதிர்பாராத பழுதுக்கு வருஷம் 25,000 ஒதுக்கினால் 1,25,000. மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,031, ஐந்து வருஷத்துக்குச் சுமார் 20,000. ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி, புகைச் சான்றுக்கு 8,000. கூட்டினால் 4,17,000. வருஷத்துக்கு 83,400.

புதிது வாங்கினால்: ஆன்ரோடு 7,50,000. பழைய வண்டி 1,40,000, கையிலிருந்து 1,10,000, மீதி 5 லட்சம் கடன். 9 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை 10,379. வட்டி மட்டும் 1,22,740. ஐந்து வருஷத்தில் வண்டி 4 லட்சத்துக்குப் போகும் என்று தாராளமாக வைத்தாலும் தேய்மானம் 3,50,000. முதல் வருஷத்துக்குப் பிறகான காப்பீடு 60,000. சர்வீஸ் 40,000. மொத்தம் 5,72,740. வருஷத்துக்குச் சுமார் 1,14,500.

வித்தியாசம் வருஷத்துக்கு 31,000. எரிபொருளையும் பாருங்கள். 9,000 கி.மீ., லிட்டருக்கு 18 கி.மீ., டீசல் 93 ரூபாய் என்றால் 46,500. புது பெட்ரோலும் ஊருக்குள் அதே 18 கொடுக்கும் என்று வைத்தால், 102 ரூபாய் வீதம் 51,000. ஆக புது வண்டி வாங்கினால் எரிபொருளில் மிச்சமாகும் என்ற வாதம் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு 5 வருஷம் வைத்துக்கொண்டால் மட்டும்தான். பழுதுக்குப் போட்ட காசு விற்பனை விலையில் திரும்பாது. புது கிளட்ச் போட்ட வண்டிக்கும் போடாத வண்டிக்கும் வாங்குபவர் கொடுக்கும் வித்தியாசம் ஐந்தாயிரம் கூட இருக்காது. இப்போது 1,14,000 போட்டுவிட்டு இரண்டு வருஷத்தில் மனம் மாறினால் பழுது மட்டுமே வருஷத்துக்கு 57,000 ஆகிவிடும். வைத்துக்கொள்வது என்றால் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பது என்றால் ஒரு ரூபாய் கூடப் போடாமல் இப்போதே கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு.

---

சீட்பெல்ட்

வரவுசெலவு சாரின் கணக்கில் ஒரு வரி இல்லை. அது ரூபாயில் வராது என்பதால் விட்டுவிட முடியாது. 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய ஸ்விஃப்ட்டை ஏர்பேக் இல்லாமல் மோதவிட்டுப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அது இவரிடம் இருப்பதற்கு அடுத்த தலைமுறை வண்டி. இவருடையது அதைவிடப் பழைய வடிவமைப்பு, 15 வருஷம் ஓடியது.

ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல், முன்பக்கப் பயணிக்கு 2021 இறுதி முதல். 2024 மே மாதம் வந்த ஸ்விஃப்ட்டில் அடிப்படை மாடலிலேயே 6 ஏர்பேக்கும் இ.எஸ்.பி.யும் (வண்டி சறுக்காமல் பார்க்கும் அமைப்பு) உண்டு. பழைய வண்டியில் இதையெல்லாம் வெளியில் பொருத்த வழியில்லை. ஏர்பேக் என்பது சென்சார், கன்ட்ரோல் யூனிட், சீட்பெல்ட் இறுக்கி, பாடி நசுங்கும் விதம் எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பு.

வருஷம் 31,000 ரூபாய் வித்தியாசம் என்கிறீர்கள். மாதம் 2,600. மழையில் நாலுவழிச் சாலையில் ஏபிஎஸ் இல்லாமல் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் திருப்பிப் பயனில்லை. குழந்தைகளோடு போகிற குடும்பம் என்றால் என் பதில் ஒன்றுதான்: மாற்றுங்கள்.

---

வரவுசெலவு

மறுக்கவில்லை நண்பரே. அந்த 2,600 ரூபாயைப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லி எடுத்துவைத்தால் அது மிக நியாயமான செலவு. "பழுதுக்குப் போட்டால் நஷ்டம்" என்ற தவறான காரணத்துக்காக மாற்றக் கூடாது என்பதுதான் நான் சொல்வது. இவர் ஓட்டத்தில் நெடுஞ்சாலை எவ்வளவு, யார் உட்காருகிறார்கள் என்று தெரிந்தால் பேசலாம்.

---

ரெண்டாங்கை (சேலம்)

நடுவில் ஒரு வழியை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். 2019க்குப் பிறகு வந்த பெட்ரோல் வண்டி, ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், நாலரை லட்சத்துக்குள். புது வண்டியில் முதல் மூன்று வருஷத் தேய்மானத்தை வேறொருவர் கட்டிவிட்டார். ஆயுள் வரியும் கட்டியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 முதல் 10 லட்சம் வரையான புதுக் காருக்கு அது 13 சதவீதம். அதேசமயம் 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதனால் பழைய வண்டி விற்பவர் பழைய ஷோரூம் விலையைச் சொல்லிப் பேரம் பேசினால் ஏற்காதீர்கள். இன்றைய புது விலையிலிருந்து இறங்கிப் பேசுங்கள்.

வாங்கும்போது கவனம் வேண்டியது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடியும் மூழ்கின. சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை கோடு அங்கேதான் மிஞ்சும். சீட் தண்டவாளத்தில் துரு, டேஷ்போர்டு கீழே ஒயர் கட்டில் மண், ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். வாசனைத் திரவியம் தாராளமாக அடித்திருந்தால் கார்பெட்டைத் தூக்காமல் நகராதீர்கள்.

இன்னொன்று, 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டிகள் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கென்று தயாரானவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். எரிபொருள் ஹோஸ், ஓ-ரிங் இவற்றை சர்வீஸின்போது பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களில் 6, 7 சதவீத மைலேஜ் இழப்பு இருக்கும் என்றுதான் சொன்னது.

---

நொய்யல்கரை (கோவை)

எல்லாருக்கும் நன்றி. லிஃப்டில் ஏற்றி எல்லாச் சோதனையும் செய்தாயிற்று.

துரு: ஷாக் கோபுரம், லோயர் ஆர்ம் பிடிமானம், பின் ஆக்சில் மூன்றும் சுத்தம். இடப்பக்கக் கதவு அடியில் பின் ஜாக்கி இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை, கட்டைவிரல் நுழையும்.
ஆயில் மூடி லேசாக நடுங்குகிறது, எகிறவில்லை. கம்ப்ரஷன் நான்கும் 10 சதவீதத்துக்குள். ரிட்டர்ன் பாட்டில் நான்கும் ஏறக்குறைய சமம்.
இன்டர்கூலர் ஹோஸ் மடிப்பில் வெடிப்பு இருக்கிறது. டர்போ ஷாஃப்டில் முன்பின் ஆட்டம் இல்லை.
ஏசி: வெளியில் எங்கும் நுரை இல்லை, முள் இறங்குகிறது. தண்ணீர்க் குழாய் வாயில் டிடெக்டர் சத்தம் கொடுத்தது.

திருத்திய எஸ்டிமேட்: கிளட்ச், செயின், சஸ்பென்ஷன், டயர் அப்படியே. டர்போவுக்குப் பதில் ஹோஸ், ஈ.ஜி.ஆர். சுத்தம் 2,500. ஏசிக்கு கூலிங் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, ட்ரையர், கேஸ் சேர்த்து 9,500. கதவு அடி வெல்டிங் 7,000. மொத்தம் 83,000.

வரவுசெலவு கேட்டதற்கு: வண்டியில் இரண்டு பெரியவர்கள்தான், குழந்தைகள் இல்லை. பழனிக்குப் பகலில்தான் போவது, இரவுப் பயணம் கிடையாது.

---

ஸ்பேனர்செட் (திருப்பூர்)

நல்ல இன்ஜின்ங்க. இந்த ரிசல்ட்டுக்குத் தாராளமா காசு போடலாம். உதிரி பாகத்துக்கும் பயப்பட வேண்டாம். 2020 ஏப்ரல்ல மாருதி டீசலை நிறுத்தினாலும் இதே இன்ஜின் குடும்பம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, ஃபியட் புன்ட்டோ, லீனியா, டாடா விஸ்டான்னு ஏகப்பட்ட வண்டியில ஓடிட்டு இருக்கு.

வேலையோட வரிசை முக்கியம். முதல்ல வெல்டிங். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி, ஈ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் பிடுங்கிட்டுத்தான் வெல்டிங் மிஷினை ஆன் பண்ணணும், இல்லைன்னா ஈ.சி.யூ. போனா அது தனிச் செலவு. ஓட்டைக்கு மேல தகடு வெச்சு ஒட்டிப் பட்டி பார்த்தா உள்ளே அரிச்சுக்கிட்டே போகும். அரிச்ச இடத்தை நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, 1 மி.மீ. தகடு வளைச்சு, கோ2 வெல்டிங் போடச் சொல்லுங்க. கேஸ் வெல்டிங் வேண்டாம், சுத்தியிருக்கற தகடு சூட்டுல நெளியும். முடிஞ்ச பிறகு உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே, வெளியே அண்டர்கோட். அடியில இருக்கற தண்ணி வடியற ஓட்டைங்களை அண்டர்கோட் போட்டு மூடிடாம பார்த்துக்குங்க. மூடினா மறுபடி அதே இடம்தான் அரிக்கும்.

அடுத்து கிளட்சையும் செயினையும் ஒரே தடவையில பண்ணுங்க, லேபர்ல கொஞ்சம் பேசிக் குறைக்கலாம். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிராங்க் பின் ஆயில் சீல், ரெண்டு ஆக்சில் சீல், ரிலீஸ் பேரிங், கியர் ஆயில் எல்லாம் மாத்திடுங்க. சீல் சில நூறு ரூபாய். மாத்தாம விட்டு ஆறு மாசத்துல ஆயில் கசிஞ்சு புது கிளட்ச் பிளேட்ல விழுந்தா, மறுபடி கியர்பாக்ஸ் இறக்கற கூலி முழுசாப் போகும். ஃப்ளைவீல் முகத்துல நீலத் திட்டு, வெடிப்பு இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க.

சஸ்பென்ஷன்ல ஷாக்கை மாத்திட்டு மவுண்ட் பேரிங்கைப் பழசே போடறது வழக்கமா நடக்குது, விடாதீங்க. லிங்க் ராடும் எஸ்டிமேட்ல காணோம், பாதி கடகட சத்தம் அதுலதான் வரும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை லிஃப்ட்ல தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில உக்காந்து பாரம் ஏறின பிறகு இறுக்கணும். இல்லைன்னா புஷ் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

எல்லாம் முடிஞ்ச பிறகுதான் புது டயர், அலைன்மென்ட். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். கடையில ஒரு வருஷத்துக்கு மேல கிடந்த டயரை வாங்காதீங்க.

பிரேக்கைப் பத்தி யாரும் எழுதலை. ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு அதுல சமரசமே கூடாது. டாட் 4 ஆயில் மாத்தி, பின் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டர் கசியுதான்னு பாருங்க, முன் ரப்பர் ஹோஸ் ரெண்டையும் மாத்துங்க. இதுக்கு ஒரு 4,000 சேர்த்துக்குங்க.

இனிமே ஆயில் 7,500 கி.மீ.க்கு ஒருதடவை. டிப்ஸ்டிக்கை ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை பாருங்க.

---

வரவுசெலவு

பிரேக் வேலையையும் சேர்த்து 87,000 என்று வைத்தால் 5 வருஷ மொத்தம் 3,90,000. வருஷத்துக்கு 78,000. எரிபொருளையும் சேர்த்தால் புது வண்டியைவிட வருஷம் 41,000 குறைவு. அந்த 25,000 ஒதுக்கீட்டை மாதம் 2,100 வீதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். எந்த ஒரு வருஷத்திலாவது எதிர்பாராத பழுது 60,000ஐத் தாண்டினால் அந்த எஸ்டிமேட்டை ஏற்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள். அந்த எல்லையை இன்றே குறித்துக்கொள்ளுங்கள், பட்டறையில் நின்றுகொண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்காது.

---

சீட்பெல்ட்

பகல் ஓட்டம், ஊருக்குள், இரண்டு பெரியவர்கள் என்றால் என் எதிர்ப்பு குறைகிறது, நீங்கவில்லை. பின்சீட்டில் பெல்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முன்சீட் பெல்ட் இழுத்து விட்டால் சோம்பலாகத் திரும்பினால், அல்லது நாடா ஓரம் பிசிறியிருந்தால், புதிதாக மாற்றுங்கள். குடும்பத்தில் குழந்தை வந்தால் இந்த முடிவைத் திரும்ப எடுங்கள்.

---

வண்டிப்பேப்பர்

பழுது முடிந்தால் போதாது, ஆர்.சி. புதுப்பிப்பும் இருக்கிறது. டெல்லியில் 10 வருஷ டீசலுக்கு வந்த கட்டுப்பாடு தலைநகர்ப் பகுதிக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம்.

படிவம் 25. முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500. வண்டி 20 வருஷத்தைத் தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி கட்டணம் 10,000, அதனால் அடுத்த புதுப்பிப்பையும் மனதில் வையுங்கள்.

பெரும்பாலும் தடைப்படும் இடம் பழைய கடன். தவணை என்றைக்கோ முடிந்திருக்கும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். வங்கியிடம் தடையின்மைக் கடிதமும் படிவம் 35ம் வாங்கி அதை முதலில் நீக்குங்கள். கிளை மூடியிருந்தாலோ வேறு வங்கியோடு சேர்ந்திருந்தாலோ இதற்கே வாரக்கணக்கில் ஆகும், இப்போதே தொடங்குங்கள்.

ஆய்வாளர் முன் வண்டி நிற்க வேண்டும். சேஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துரு நீக்கிச் சுத்தம் செய்து, எழுத்து தெளிவாகத் தெரியும்படி வையுங்கள். அதன்மேல் அண்டர்கோட்டோ பெயிண்டோ அடிக்க விடாதீர்கள், உரசும்போது உப்புத்தாளும் போடாதீர்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், முன்பக்கக் கம்பி பம்பர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஹாரன், வைப்பர், எல்லா விளக்கும், நம்பர் பிளேட் விளக்கு உட்பட, எரிய வேண்டும். புகைச் சான்றை ஹோஸ் மாற்றி, ஈ.ஜி.ஆர். சுத்தம் செய்த பிறகு எடுங்கள். இப்போதைய கறுப்புப் புகையோடு போனால் தேறாது.

---

நொய்யல்கரை (கோவை)

வைத்துக்கொள்வதென்று முடிவு. வெல்டிங்கை இந்த வாரம் ஒப்படைக்கிறேன், லிங்க் ராடும் பிரேக் வேலையும் எஸ்டிமேட்டில் சேர்த்தாயிற்று. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறது. படிவம் 35 எத்தனை பிரதி வேண்டும்?

---

வண்டிப்பேப்பர்

இரண்டு பிரதி, இரண்டிலும் வங்கியின் முத்திரையும் கையெழுத்தும். கடிதத்தில் இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா என்று வங்கியை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.